வலி இடுப்பில், மாத்திரை மனசுக்கா?

மூன்று வருடமாக இடுப்பு வலி. எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், எக்ஸ்ரே, ஸ்கேன் என்று ஏறாத படியில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர், அதுவரை விழுங்கிக்கொண்டிருந்த வலி மாத்திரைகளில் இரண்டை நிறுத்திவிட்டு, ராத்திரி படுக்கும் முன் போட்டுக்கொள்ள ஒரு குட்டி மாத்திரை எழுதித் தருகிறார். அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். நோயாளி, மைசூரில் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிப் பிழைக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி என்று வைத்துக்கொள்ளலாம். காலேஜில் படிக்கும் மகன் செல்போனில் மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்கிறான். "அம்மா, இது டிப்ரஷனுக்குக் குடுக்கிற மாத்திரைம்மா." அவ்வளவுதான். அட்டை பிரிக்கப்படாமலே ஃப்ரிட்ஜ் மேல் போய் உட்கார்கிறது. "எனக்கு வலிக்கிறது இடுப்புல. அவரு மனசுக்கு மருந்து எழுதியிருக்காரு. அப்போ நான் சொல்றதெல்லாம் பொய்யா?"

நீண்டகால வலிக்கான சிகிச்சையில் அடிக்கடி நேரும் விபத்து இது. எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் இது ஏறாது. நோயாளி திரும்பி வரமாட்டார். வராதவருக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டர் நினைத்துக்கொள்வார். அந்தப் பெண்மணியோ வேறொரு எலும்பு டாக்டரைத் தேடிப் போயிருப்பார், பழைய எக்ஸ்ரே உறையோடு.

இத்தனைக்கும் எழுதிய மருந்தில் தவறில்லை. அதை எழுதியபோது பேசாமல் விட்ட இரண்டு நிமிடத்தில்தான் தவறு.

அந்தப் பெண்மணியின் கோபத்துக்கும் நியாயம் இருக்கிறது. "எல்லாம் உங்க மனசுலதான் இருக்கு" என்ற வாக்கியத்துக்கு நம் ஆஸ்பத்திரிகளில் ஒரே அர்த்தம்தான்: உங்களுக்கு ஒன்றுமில்லை, எழுந்து போங்கள். ஸ்கேனில் எதுவும் தெரியாதபோது, அதுவும் நோயாளி பெண்ணாக இருந்துவிட்டால், இந்த வாக்கியம் சீக்கிரமே வந்துவிழுகிறது. மாமியார் 'நடிப்பு' என்பார். கணவர் 'வேலைக்குப் பயந்து' என்பார். டாக்டர் இன்னும் நாசூக்காக அதையே சொல்வார். இப்படி மூன்று பக்கமும் அடிபட்டவருக்கு 'டிப்ரஷன் மாத்திரை' நான்காவது அடி.

வலிக்கும் மனநிலைக்கும் உள்ள உறவு விஞ்ஞானத்துக்குத்தான் புது விஷயம். மைசூர்த் தெருக்களில் பேசப்படும் மொழிகளுக்கு எப்போதோ தெரியும். கன்னடத்தில் வலிக்குப் பெயரே நோவு. தமிழிலும் நோவு உண்டு. 'கை நோகிறது' என்பதும் 'மனம் நொந்து போனாள்' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒரு சுடுசொல் சொன்னவரைப் பார்த்து 'ஏன் இப்படி நோகடிக்கிறே' என்று கேட்கிறோம். அடிபட்டது எந்த அவயவம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வள்ளுவருக்குக் காதல்கூட நோய்தான். உடம்புக்கு ஒரு வார்த்தை, மனசுக்கு ஒரு வார்த்தை என்று பிரித்து வைத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மட்டும் இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள்.

ஏன் என்ற கேள்விக்கு ஒரு நல்ல பதில் மைசூரிலிருந்து மூன்று மணி நேர தூரத்தில், பெங்களூர் நிம்ஹான்ஸில் கிடைத்தது. ஆர். ரகுராம், மிட்செல் வைஸ், எஸ்.எம். சன்னபசவண்ணா ஆகியோர் அடங்கிய குழு 80 நோயாளிகளிடம் விரிவாகப் பேசி, 1996ல் அமெரிக்க மனநல மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டது. உடம்பு வலியை முன்னிறுத்திய நோயாளிகளிடம் அவமான உணர்ச்சி குறைவாக இருந்தது. சோர்வும் துக்கமும் கூடக் கூட, அவமான உணர்ச்சியும் கூடியது. காரணம் எளிது. தலைவலி, முதுகுவலி எல்லோருக்கும் வருவது, யாரிடமும் சொல்லலாம். மனச்சோர்வு என்று சொன்னால் பெண்ணுக்கு வரன் அமையாது, தெருவில் பேச்சு எழும். ஆக, எதைச் சொன்னால் மதிப்பு குறையாதோ அதை மனிதர்கள் முதலில் சொல்கிறார்கள். இதில் பொய்யோ நடிப்போ இல்லை. வலியும் நிஜம், சோர்வும் நிஜம். டாக்டரின் அறைக்குள் கொண்டுபோகக்கூடியதாக ஒன்றுதான் இருக்கிறது.

இந்தப் பிரிவினைக்கு மைசூரின் சரித்திரத்தில் ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. மைசூர் சமஸ்தானம் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது 1924ல். முதலில் பெங்களூரில் நடந்த கல்லூரி 1930ல் மைசூருக்கு வந்தது. அதே 1924ல்தான் மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் துறையும் பிறந்தது. லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மேனிடம் படித்துவிட்டு வந்த எம்.வி. கோபாலஸ்வாமி அதை நிறுவினார். கல்கத்தாவுக்கு அடுத்து இந்தியாவில் உளவியல் சோதனைக்கூடம் கண்ட ஊர் மைசூர். (இதே கோபாலஸ்வாமிதான் 1935ல் தன் வீட்டிலேயே ரேடியோ நிலையம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஆகாசவாணி என்று பெயரும் வைத்தவர். அந்தப் பெயர் பிற்பாடு தேசத்துக்கே போய்விட்டது.) ஒரே ஆண்டில், ஒரே மகாராஜாவின் ஆட்சியில், உடம்புக்கு ஒரு கட்டடம், மனசுக்கு ஒரு கட்டடம். நூறு வருடம் ஆகிவிட்டது. நோயாளி இன்னமும் இரண்டுக்கும் நடுவில் ஆட்டோ பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, டிப்ரஷன் மாத்திரை இடுப்பு வலியை என்ன செய்யும்?

வலி என்பது அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்குப் போகும் தந்தி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இந்தக் கணக்கைப் புரட்டியது 1965ல் ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை. முதுகுத்தண்டில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது. கீழிருந்து வரும் வலிச் செய்தியை எவ்வளவு மேலே விடுவது என்பது அங்கே தீர்மானமாகிறது என்றார்கள் அவர்கள். அந்தக் கதவை அசைக்கும் கைகளில் ஒன்று மூளையிலிருந்து கீழே இறங்கி வருகிறது. கட்டுரையின் சில விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும், அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. மூளைத்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் வலியை அடக்கவும் செய்கின்றன, சில சமயம் பெருக்கவும் செய்கின்றன. யுத்தகளத்தில் காயம்பட்ட சிப்பாய்க்குச் சில மணி நேரம் வலியே தெரியாமலிருப்பதும், தூங்காத ராத்திரிக்கு மறுநாள் அதே முட்டி இரண்டு மடங்கு வலிப்பதும் இந்தப் பாதைகளின் காரியம்தான்.

அந்தப் பாதைகள் பயன்படுத்தும் ரசாயனங்களில் முக்கியமானவை செரடோனின், நார்அட்ரினலின். மனநிலையோடும் தூக்கத்தோடும் தொடர்புள்ளவையும் இவையே. அமிட்ரிப்டிலின் 1961ல் மனச்சோர்வுக்கான மருந்தாகச் சந்தைக்கு வந்தது. சோர்வில்லாத நோயாளிகளுக்கும் அது நரம்பு வலியைக் குறைக்கிறது என்பது பிற்பாடு தெரியவந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது அளவு வழக்கமாக 75 மில்லிகிராமுக்குப் போகும், அதற்கு மேலும் போகலாம். வலிக்குத் தொடங்குவது 10, ஏறினால் 25. டிப்ரஷனைத் தொடக்கூட அந்த 10 மில்லிகிராம் போதாது. அந்த டாக்டர் பெண்மணியை மனநோயாளி என்று நினைத்திருந்தால் இந்த அளவில் எழுதியிருக்கவே மாட்டார். இதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் மாத்திரை அட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.

ஆனால் இங்கே நிறுத்திக்கொண்டால் பாதிதான் சொன்னதாகும். 'இது மனசுக்கு இல்லீங்க, நரம்புக்கு' என்று சமாதானம் சொல்லும் டாக்டர்கள் நிறையப் பேர். நோயாளி மாத்திரை சாப்பிடவேண்டும் என்ற நல்லெண்ணம்தான். அதில் ஒரு சின்னப் பித்தலாட்டமும் இருக்கிறது. ஏனென்றால் நீண்டகால வலிக்காரர்களில் பலருக்கு மனச்சோர்வும் கூடவே இருக்கிறது. ஐம்பது நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2025ல் வந்த ஒரு பெரிய தொகுப்பின்படி, நீண்டகால வலியுள்ள வயதுவந்தவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேருக்குக் கவனிக்கவேண்டிய அளவு மனச்சோர்வு காணப்படுகிறது. பதற்றமும் ஏறக்குறைய அதே அளவு. அந்தச் சோர்வைக் கேட்காமலே விட்டால் வலிக்கான சிகிச்சையும் நொண்டுகிறது.

இதற்கு ஒரு நேர்த்தியான சான்று, அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் நடந்த சோதனை. முதுகு, இடுப்பு அல்லது முட்டி வலியோடு மனச்சோர்வும் இருந்த 250 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேருக்கு முதல் 12 வாரம் சோர்வுக்கான மருந்தை அளவு பார்த்துச் சரியாகக் கொடுத்தார்கள். பிறகு வலியோடு எப்படிப் புழங்குவது என்று ஆறு முறை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில், வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தவர்கள் இரண்டாவது குழுவில் 100க்கு 41 பேர். வழக்கமான வைத்தியத்தில் 17 பேர். மனச்சோர்வு பாதியாகக் குறைந்தவர்களின் கணக்கும் இதே சாயல்: 37, அங்கே 16. கர்ட் க்ரோங்கே குழுவின் இந்த ஆய்வு 2009ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. ஆபரேஷன் இல்லை, புது மருந்து இல்லை. இருப்பதை ஒழுங்காகச் செய்தார்கள். 41 என்பது பாதிக்கும் குறைவுதான் என்பதையும் கவனிக்கவேண்டும். மீதி 59 பேருக்கு இதுவும் போதவில்லை.

மனநிலை மருந்தின் பலத்தையே மாற்றிவிடும் என்பதற்கு இன்னொரு சோதனை. ஆக்ஸ்ஃபோர்டில் உல்ரிக்கே பிங்கெல் என்ற டாக்டரின் குழு, ஆரோக்கியமான 22 பேரின் காலில் சூடு வைத்து வலி உண்டாக்கி, ரத்தக்குழாய் வழியே பலமான வலிமருந்து ஒன்றைச் செலுத்தியது. மருந்து ஏறுகிறது என்று சொல்லி ஏற்றியபோது, சொல்லாமல் ஏற்றியபோது கிடைத்ததைப்போல இரண்டு மடங்கு நிவாரணம். 'மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம்' என்று பொய் சொன்னபோது, மருந்து அதே அளவில் ஏறிக்கொண்டிருந்தும் அதன் பலன் காணாமலே போயிற்று. 2011ல் வெளியான இந்த முடிவைப் படித்தால் நம் ஓ.பி. வரிசைகள் ஞாபகத்துக்கு வராமலிருக்காது. நிமிர்ந்து பார்க்காமல் சீட்டை நீட்டி, 'போட்டுப் பாருங்க, கேட்டாக் கேட்கும்' என்று சொல்லும்போது மருந்தில் எவ்வளவு கழிவு போகிறது என்று யார் கணக்கிட்டார்கள்?

மாத்திரையைப் பற்றியும் பெரிதாகப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. 2023ல் காக்ரேன் அமைப்பு 170க்கும் அதிகமான சோதனைகளை அலசிப் பார்த்ததில், நீண்டகால வலிக்கு ஓரளவு நம்பி எழுதக்கூடிய மனச்சோர்வு மருந்தாகத் தேறியது டுலாக்செட்டின்தான். நாளுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்துப் பெரிய லாபமில்லை என்பதும் தெரிந்தது. ஊரெல்லாம் எழுதப்படும் அமிட்ரிப்டிலினுக்குத் திடமான சான்று கிடைக்கவில்லை. அது சிலருக்கு நன்றாகவே கேட்கிறது, மலிவு, தூக்கமும் தருகிறது, அதனால் நீடிக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2021ல் இன்னும் கறாராகச் சொன்னது: வேறு காரணம் சொல்லமுடியாத நீண்டகால வலிக்குப் பாரசிட்டமாலோ, டைக்ளோஃபினாக் வகையறாவோ, ஓபியம் சார்ந்த மருந்தோ புதிதாக ஆரம்பிக்கவேண்டாம், உடற்பயிற்சி, பேச்சு சிகிச்சை, மனச்சோர்வு மருந்து இவற்றைப் பாருங்கள் என்றது. நம் ஊர் மருந்துக் கடையில் நிலவரம் தலைகீழ். டைக்ளோஃபினாக் கேட்டால் ஒரு கேள்வியும் இல்லாமல் ஒரு அட்டை கிடைக்கும். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், கிட்னிக்குக் கேடு. அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லை. வெட்கமெல்லாம் அந்தக் குட்டி மாத்திரைக்குத்தான்.

உடற்பயிற்சி என்றதும் மைசூரில் பேச்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. கோகுலம் பகுதியில் விடிகாலையில் சுருட்டிய பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் வெளிநாட்டுக்காரர்களைப் பார்க்கலாம். இந்த மோகத்தின் ஊற்று ஜகன்மோகன் அரண்மனையில் 1933ல் நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் டி. கிருஷ்ணமாச்சார்யா நடத்தத் தொடங்கிய யோகசாலை. அவர் கன்னடத்தில் எழுதிய 'யோக மகரந்தம்' 1934ல் வந்து, 1938ல் தமிழிலும் வெளியானது. யோகசாலை மூடப்பட்ட பிறகு சென்னைக்கு வந்து, 1989ல் நூறு வயதைத் தாண்டி அங்கேயே மறைந்தார். அவருடைய மைத்துனர் பி.கே.எஸ். அய்யங்கார் 1934ல் மைசூருக்கு வந்தபோது, மலேரியா, டைஃபாய்டு, க்ஷயம் என்று வரிசையாகப் படுத்தெழுந்த நோஞ்சான் பையன். 2014ல் 95 வயதில் அவர் மறைந்தபோது அவர் பெயரிலேயே ஒரு யோக முறை உலகம் பூராவும் நடந்துகொண்டிருந்தது.

அந்த முறையை அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 90 பேரிடம் சோதித்தார்கள். 24 வாரம் முடிந்தபோது யோகா செய்தவர்களுக்கு வலியும் முடக்கமும் குறைந்திருந்தன. மனச்சோர்வு மதிப்பெண்ணும் இறங்கியிருந்தது. 2009ல் வந்த இந்த முடிவு மைசூருக்குப் பெருமைதான். பெருமைப்படுவோர் 2022ல் காக்ரேன் வெளியிட்ட மறு அலசலையும் படித்துவிடவேண்டும். யோகாவால் முதுகுவலி குறைகிறது, ஆனால் கொஞ்சம்தான்; மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்று சொல்ல ஆதாரமில்லை; சிலருக்கு வலி கூடியும் இருக்கிறது என்கிறது அது. யோகாதான் என்றில்லை, விடாமல் செய்யக்கூடிய எதுவும் சரி. குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடப்பவருக்கும் இதே பலன் கிடைக்கலாம். பதஞ்சலி இந்த வம்புக்கெல்லாம் போகவில்லை. சித்தம் சிதறும்போது கூடவே வருபவை என்று துன்பம், மனத்தளர்ச்சி, உடல் நடுக்கம், ஒழுங்கிழந்த மூச்சு நான்கையும் ஒரே சூத்திரத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். உடம்புத் துறை, மனத் துறை என்று அவருக்கு இரண்டு கட்டடங்கள் இல்லை.

விடாமல் செய்வது என்பதில்தான் மனநிலையின் விளையாட்டு அதிகம். சாமுண்டி மலைக்கு ஏறக்குறைய ஆயிரம் படிகள். முட்டி வலிக்காரர் ஒருவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை உடம்பும் மனசும் லேசாக இருக்கிறது. இன்றைக்கு விட்டால் எப்போது என்று ஏறிவிடுகிறார். நந்தியைத் தாண்டி உச்சிக்கே போய் தரிசனம் முடித்து இறங்குகிறார். சனிக்கிழமையிலிருந்து நாலு நாள் படுக்கை. படுக்கையில் வலியும் பயமும் சேர்ந்துகொள்கின்றன. இனி தெருமுனைக் கடைக்குக்கூட வேண்டாம் என்று தீர்மானிக்கிறார். இரண்டு வாரம் அசையாமலிருந்த தொடைத் தசை இளைத்துவிடுகிறது. அடுத்த நல்ல நாளில் மறுபடி மலை. இந்தச் சுழற்சியில் அவரை நடத்துவது முட்டியைவிட மனநிலைதான்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் ஐம்பது வருடத்துக்கு முன்பே இதற்கு ஒரு வழி சொன்னார். வலித்தால் ஓய்வு, வலிக்காவிட்டால் வேலை என்று வைத்துக்கொண்டால் வலிக்கே ஓய்வு பரிசாகக் கிடைக்கிறது. அதனால் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடவேண்டும். இந்த வாரம் தினமும் ஐம்பது படி. நல்ல நாளானாலும் ஐம்பதுதான், கெட்ட நாளானாலும் ஐம்பதுதான். அடுத்த வாரம் அறுபது. நல்ல நாளில் ஐம்பதோடு நிறுத்துவதுதான் மிகக் கஷ்டம் என்பது இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊதுபத்தி உருட்டுகிறவருக்கும் இதே கணக்கு: நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பது, வலித்தாலும் வலிக்காவிட்டாலும். உருட்டும் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்னும்போது எழுந்து நிற்கும் நிமிடங்களுக்கு யார் பணம் தருவார்கள் என்ற கேள்வி வேறு இருக்கிறது. அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்துச் சீட்டு இல்லை.

வலியால் மனம் தளர்வதா, மனத்தளர்ச்சியால் வலியா என்ற பட்டிமன்றம் வேண்டாம் என்பதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு பெரிய உதாரணம் நடந்தது. 2006ல் சிக்குன்குனியா பரவியபோது இந்தியா முழுவதும் 13 லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. அதில் பாதிக்கும் மேல் கர்நாடகத்தில். கூனிக் குறுகுவதைக் குறிக்கும் ஆப்பிரிக்க மக்கொண்டே மொழிச் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். காய்ச்சல் நாலைந்து நாளில் போய்விடும். மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நின்றுவிடும். கொசு கடிப்பதற்கு முன் கலகலப்பாக வயலில் நின்றவர்கள், காலையில் டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காமல், கூலிக்குப் போகமுடியாமல், வீட்டில் பாரமாகிவிட்டோமே என்று நொந்தார்கள். இங்கே ஆரம்பம் வைரஸ் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆறு மாதம் கழித்து அவருக்கு வலி மாத்திரை மட்டும் போதுமா என்றால், போதாது. எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒன்று மற்றதைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

இதையெல்லாம் சொல்லும்போது எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லியாகவேண்டும். 'டிப்ரஷன்' என்பது சில டாக்டர்களுக்கு வசதியான குப்பைத்தொட்டி. காரணம் பிடிபடாத வலியெல்லாம் அதற்குள் போகும். மாதாமாதம் வயிற்றுவலியால் துடிக்கும் பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்டுபிடிக்கவே பல வருடங்கள் ஆகிவிடுவது உலகம் முழுக்க உள்ள கதை. காலையில் முதுகு விறைத்து, நடக்க நடக்கச் சரியாகும் இளைஞனுக்கு இருப்பது முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். காரணமில்லாமல் எடை இறங்குவது, காய்ச்சல், ராத்திரியில் எழுப்பும் வலி, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் ஓடவேண்டியது பரிசோதனைக்கு. கடைசி இரண்டும் இருந்தால் அன்றைக்கே. மனநிலையை விசாரிப்பது உடம்பைத் தேடிப் பார்த்த பிறகும் தொடரவேண்டிய வேலை. தேடுவதற்குப் பதிலாகச் செய்கிற வேலை இல்லை.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979லேயே வலியை உணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த ஓர் அனுபவம் என்று வரையறுத்தது. 2020ல் அதைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்றால் அந்த வார்த்தையை மதிக்கவேண்டும் என்று குறிப்பும் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நீண்டகால வலியே தனி நோயாகவும் இடம்பெறலாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் வியாதி இல்லை என்று சொல்லும் அதிகாரம் டாக்டருக்கும் இல்லை, மாமியாருக்கும் இல்லை.

விஷயம் மாத்திரை அட்டையோடு முடிவதில்லை என்பதற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இருக்கிறது. 2022ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். காரணங்களில் குடும்பப் பிரச்சினைக்கு அடுத்த இடம் நோய்க்கு, 18.4 சதவிகிதம். இதில் நீண்டகால வலி எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் நீண்டகால வலி உள்ளவர்களுக்குத் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்பது பல ஆய்வுகள் ஒத்துக்கொண்ட விஷயம். 'தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, வாழ்க்கை வெறுத்துப்போய்விட்டது என்று தோன்றுகிறதா' என்று எலும்பு டாக்டரும் கேட்கலாம். கேட்டால் யோசனை வந்துவிடும் என்ற பயம் ஆதாரமில்லாதது.

மாத்திரை எழுதினால் கூடச் சொல்லவேண்டியவை அதிகமில்லை. குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், முதல் சில நாள் காலையில் மந்தமாக இருக்கும். கண்ணில் நீர் அழுத்தம், இதயத் துடிப்பில் கோளாறு, வயதான ஆண்களுக்குச் சிறுநீர்த் தடை இருந்தால் முன்பே சொல்லிவிடவேண்டும். டிராமடால் மாதிரி மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் அதைக் காட்டவேண்டும். நிறுத்துவதாக இருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாக.

மாத்திரையோடு பேசவும் ஆள் வேண்டும் என்பவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இருக்கிறது. எண் 14416. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். மைசூரிலிருந்து கூப்பிட்டாலும் தமிழிலேயே பேசலாம். இடுப்பு வலியில் ஆரம்பித்தாலும் கேட்டுக்கொள்வார்கள்.